சாவின் நேரத்தைக் குறிப்பவர் யார்: சேதராப்பட்டுச் சுற்றுவட்டாரத்தின் ஒரு வரலாறு

புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தோடு எல்லை கலந்து கிடக்கும் சேதராப்பட்டு, இன்று தொழிற்பேட்டையின் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு உட்பட்ட இவ்வூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இரும்புக்கால மக்களின் இடுகாடு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் குடியியல் சட்டம் இந்நிலத்தில் கால்கொண்டது. இன்று அதே சுற்றுவட்டாரத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. மனிதன் எப்போது சாகிறான் என்ற கேள்விக்கு இம்மூன்றும் மூன்று விடைகளைச் சொன்னபோதிலும், மூச்சு நின்ற கணமே சாவு என்று எந்தக் காலமும் இங்கே முழுமையாக ஏற்றதில்லை என்பதே இவற்றை ஒருசேரப் பார்க்கும்போது புலப்படுகிறது. கடைசி மூச்சுக்கும் ஏற்கப்பட்ட சாவுக்கும் இடையே ஒவ்வொரு காலமும் ஓர் இடைவெளியை வைத்தது. அந்த இடைவெளியின் நீளமும், அது முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுமே காலந்தோறும் மாறிவந்தன.

பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-மரி கசால் 1940களின் இறுதியில் வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தபோது, முத்திரையர்பாளையத்திலும் சேதராப்பட்டுக்கு அண்மையிலுள்ள சுத்துக்கேணியிலும் இருந்த ஈமக்காடுகளையும் தோண்டிப் பார்த்தார். அவரும் ழெனவீவ் கசாலும் எழுதிய அறிக்கை 1956இல் பாரிஸில் நூலாக வெளிவந்தது. இப்பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் எனப்படுபவை, இறந்தோரின் எலும்புகளைத் தாழியிலோ கற்பலகைகளால் ஆன அறையிலோ வைத்து, அருகே மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் மணிகளையும் அடுக்கி மூடிய அமைப்புகளாகும். அவற்றில் பலவற்றில் முழு எலும்புக்கூடு கிடைப்பதில்லை. மண்டையோடு, நீண்ட கை கால் எலும்புகள், சில பற்கள் என்று தெரிந்தெடுத்து வைத்ததுபோன்ற தொகுப்பே கிடைக்கிறது. உடலை முதலில் வேறோர் இடத்தில் கிடத்தியோ புதைத்தோ, தசை அழிந்தபின் எலும்பைப் பொறுக்கி வந்து இரண்டாம் முறையாக அடக்கம் செய்த வழக்கத்தை இது காட்டுகிறது என்று தொல்லியலாளர் கொள்வர். இறந்தோரைச் சுடுவதும் புதைப்பதும் தாழியில் கவிப்பதும் உள்ளிட்ட ஐந்து வகை அடக்கமுறைகள் ஒரே இடுகாட்டில் அருகருகே நடந்ததாக மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டப் பகுதி சொல்வதால், இம்முறைகளில் சில நெடுங்காலம் நீடித்தன என்பது தெளிவு.

இரண்டாம் அடக்கம் என்பது எத்தகைய எண்ணத்திலிருந்து பிறக்கும் என்பதை 1907இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரொபேர் எர்த்ஸ் விளக்கினார். போர்னியோவின் தயாக் மக்களிடையே ஒருவர் இறந்தபின் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருந்து எலும்பை எடுத்து இறுதிச் சடங்கு நடத்துவதையும், அதுவரை இறந்தவர் முழுதாக இறந்தவராகவும் கருதப்படாமல் உயிருள்ளவராகவும் கருதப்படாமல் இடைநிலையில் வைக்கப்படுவதையும் சான்றாகக் காட்டி, சாவு ஒரு கணத்தில் முடியும் நிகழ்ச்சி என்பது ஐரோப்பியரின் பழக்கமே தவிர மனிதகுலத்தின் பொதுக்கருத்து அன்று என்று அவர் வாதிட்டார். சுத்துக்கேணியில் புதையுண்டவர்கள் என்ன நம்பினார்கள் என்பதை எலும்பைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. தொல்லியல் அந்த அளவுக்குப் பேசாது. ஆயினும், பிணத்தை ஒருமுறை கைவிட்டபின் மீண்டும் தேடிவந்து எலும்பெடுத்துச் சேர்த்தவர்களுக்கு முதல் நாளோடு காரியம் முடிந்திருக்க முடியாது என்பதை மறுப்பது கடினம்.

தாழி மறைந்த பின்னும் அந்த இடைவெளி மறையவில்லை. புதுவை, தென்னார்க்காட்டுச் சிற்றூர்களின் சாவுச் சடங்குகளை அடுக்கடுக்காகப் பார்த்தால், அவை ஐயத்தைத் தீர்க்கும் படிகளாகவும் உறவை அறுக்கும் படிகளாகவும் ஒரே நேரத்தில் அமைந்திருப்பது தெரியும். மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்ப்பதும், நெஞ்சிலும் உள்ளங்காலிலும் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும், காதருகே பெயர் சொல்லி அழைப்பதும், கை பழகிய பெரியவர் ஒருவர் நாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும் முதற்படி. பிறகே நாடிக்கட்டும் கால்கட்டும் போடுவார்கள். நெற்றியில் காசை ஒட்டித் தலைமாட்டில் விளக்கேற்றுவார்கள். ஊருக்கு ஆள் போய்ச் சாவு சொல்லி, உறவினர் கோடி எடுத்து வந்து சேரும்வரை உடல் வாசலில் கிடக்கும். மேளம் முழங்கப் பாடை புறப்பட்டபின் இடுகாட்டுக்கு முன்பாக அரிச்சந்திரன் கல்லருகே அதை இறக்கி, வெட்டியான் அரிச்சந்திரனிடம் உத்தரவு கேட்டபிறகே உடல் காட்டுக்குள் செல்லும். குழிக்குள் இறக்கும்முன்னரும் எரிமூட்டும்முன்னரும் ஒருமுறை முகத்தைத் திறந்து காட்டி, வாய்க்கரிசி போடச் சொல்வார்கள். ஆக, ஒருவரின் சாவை இறுதியாக ஏற்று வாயிலைத் திறந்துவிடும் அதிகாரம், உயிரோடிருந்தபோது அவர் வீட்டு வாசற்படி ஏற அனுமதிக்கப்படாத ஒருவரிடமே இருந்தது. இந்த முரண்பாட்டைச் சாதிச் சமூகம் ஒருநாளும் முரண்பாடாக எண்ணியதில்லை.

மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி என்று இடைவெளி மேலும் நீள்கிறது. அதுவரை பங்காளிகளுக்குத் தீட்டு. வீட்டில் நல்ல காரியம் இல்லை. கருமாதியன்றுதான் தாய்மாமனோ சம்பந்தியோ மூத்த மகனுக்கு உருமால் கட்டி, குடும்பத்தின் தலைமை இனி அவனுடையது என்று ஊரறியச் செய்கிறார். மூச்சு நின்ற நாளுக்கும் இறந்தவரின் இடம் இன்னொருவருக்குச் செல்லும் நாளுக்கும் இடையே பதினைந்து நாள்கள் கிடக்கின்றன என்றால், சமூக நிலையில் அவருடைய சாவு பதினாறாம் நாளில்தான் முற்றுப்பெறுகிறது. எர்த்ஸ் தயாக் மக்களிடம் கண்டதன் சுருங்கிய வடிவமே இது.

பிரெஞ்சு ஆட்சி இந்த ஏற்பாட்டின்மேல் ஏட்டையும் கடிகாரத்தையும் கொண்டுவந்து வைத்தது. 1804இல் இயற்றப்பட்ட பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தொகுதி 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணையால் புதுச்சேரியில் அறிவிக்கப்பட்டபோது, இந்தியர் தத்தம் சாதி வழக்கங்களின்படியே ஆளப்படுவர் என்ற விலக்கும் உடன் சேர்க்கப்பட்டது. 1880இல்தான் கொம்யூன்கள் எனப்படும் நகராட்சி அமைப்புகள் உருவாக்கப்பட்டன. புதுச்சேரிப் பகுதியில் அமைந்த நான்கில் வில்லியனூர் ஒன்று. அதே ஆண்டின் மற்றோர் ஆணை, பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு ஏட்டில் பதியும் குடிநிலைப் பதிவு முறையை உள்நாட்டு மக்களுக்கும் விரித்தது. மேர் எனப்படும் நகர்மன்றத் தலைவரே பதிவு அதிகாரி. அவரது அலுவலகத்தைப் புதுவைத் தமிழர் மேரி என்றே வழங்கினர். வெட்டியானும் பங்காளிகளும் முடிவுசெய்த ஒன்றை இனி மேரியில் போய்ச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தொகுதியின் 77ஆம் பிரிவு, பதிவு அதிகாரியின் அனுமதியின்றி எந்த உடலையும் அடக்கம் செய்யலாகாது என்றது. அதிகாரி தாமே நேரில் சென்று இறப்பை உறுதிசெய்த பின்னரே, அதுவும் இறந்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே, அந்த அனுமதியை வழங்கலாம் என்றும், காவல்துறை விதிகள் வேறாகச் சொல்லும் நேர்வுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும் கூறியது. இப்பிரிவின் பின்னால் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆட்டிய ஓர் அச்சம் இருந்தது. சாவின் குறிகள் நம்பத்தக்கவை அல்ல என்று பாரிஸ் உடற்கூற்றியலாளர் வின்ஸ்லோ 1740இல் வாதிட்டதை, ப்ரூயியே என்ற மருத்துவர் விரித்தெழுதி, உயிரோடு புதைக்கப்பட்டவர்களைப் பற்றிய கதைகளையும் சேர்த்துப் பரப்பினார். அழுகல் ஒன்றே ஐயமற்ற குறி என்று கொண்டால், சட்டம் செய்யக்கூடியதெல்லாம் காத்திருக்கச் சொல்வதுதான். 1816இல் லயனெக் இதயத்துடிப்புமானியை உருவாக்கியதும், அதைக் கொண்டு இதய ஒலி நின்றதை உறுதிசெய்வதே சாவின் குறி என்று 1840களில் பூஷூ நிறுவியதும் அந்த அச்சத்தைத் தணித்தன. ஆனால் சட்டப்பிரிவு மாறவில்லை.

சித்திரை வெயிலில் 24 மணி நேரம் என்பது பாரிஸின் குளிர்காலத்து 24 மணி நேரம் அன்று. காலையில் செத்தால் மாலைக்குள் எடுத்துவிடுவது வழக்கமாயிருந்த ஒரு சிற்றூருக்கு வில்லியனூரிலிருந்து ஓர் அதிகாரி ஒவ்வொரு சாவுக்கும் நேரில் வந்தார் என்று எண்ணுவதும் மிகை. பிரான்சிலேயே இக்கடமை மருத்துவர்களிடம் கைமாறிவிட்டிருந்தது. விலக்கின் வழியாகவும் கண்டும் காணாமலும் விதி தளர்ந்திருக்க வேண்டும் என்றே கொள்ளலாம். எனினும் அதன் உட்கருத்து முக்கியமானது: குடும்பத்தாரின் சொல் மட்டும் போதாது, அரசின் கண் பார்க்க வேண்டும் என்பது அதுவரை இம்மண்ணில் இல்லாத கோரிக்கை.

இதனினும் வியப்புக்குரியது 79ஆம் பிரிவு. இறப்புப் பதிவில் இறந்தவரின் பெயர், வயது, தொழில், இருப்பிடம், துணைவரின் பெயர், அறிவிப்போரின் விவரம், தெரிந்தவரை பெற்றோரின் பெயர் என்று எல்லாவற்றையும் கேட்ட மூலச்சட்டம், அவர் இறந்த நாளையும் மணியையும் எழுதும்படி கேட்கவில்லை. நடைமுறையில் எழுதப்பட்டதுண்டு, ஆனால் சட்டம் அதை வெளிப்படையாகக் கோரியது 20ஆம் நூற்றாண்டில் வந்த திருத்தத்தால்தான். சாவு நிகழ்ந்தது என்பதற்கு அதிகாரி சாட்சியாகலாம், எப்போது நிகழ்ந்தது என்பதற்கு ஆக முடியாது என்பதே இதன் பொருள் எனலாம். சிறையில் இறந்தவர், தூக்கிலிடப்பட்டவர் ஆகியோரின் பதிவில் அந்தச் சூழலைக் குறிக்கலாகாது என்று 85ஆம் பிரிவு விதித்ததும் இதே அடக்கத்தோடு ஒத்துப்போகிறது.

நேரம் தெரியாமல் தீராத வழக்குகளுக்கு மட்டும் சட்டம் ஊகங்களை வகுத்தது. ஒருவர்க்கொருவர் வாரிசாக வரக்கூடியோர் ஒரே விபத்தில் மாண்டு, யார் முன்னர் இறந்தார் என்பது தெரியாதபோது, அனைவரும் 15 வயதுக்குட்பட்டோரானால் மூத்தவரும், அனைவரும் 60 வயதைக் கடந்தோரானால் இளையவரும் பின்னர் இறந்ததாகக் கொள்ளப்படும் என்று 720 முதல் 722 வரையிலான பிரிவுகள் கூறின. உடல்வலிமை அதிகமுள்ளவர் சற்று நேரம் தாக்குப்பிடித்திருப்பார் என்பது அதன் கணக்கு. இந்திய நாடாளுமன்றம் 1956இல் இயற்றிய இந்து வாரிசுரிமைச் சட்டம் இத்தனை நுணுக்கத்துக்குப் போகாமல், இளையவரே பின்னர் இறந்தார் என்ற ஒற்றை ஊகத்தோடு நின்றுவிட்டது. 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தங்கள் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு அந்தப் பழைய சட்டத்தொகுதி இந்தியாவிலும் தொடர்வதால், புதுச்சேரியில் ஒரே விபத்தில் மாண்ட இரு குடும்பங்களுக்கு இரண்டு வகைச் சாவு வரிசை பொருந்தும் நிலை இன்றும் ஏட்டளவில் உள்ளது.

காணாமற்போனவர் நிலை இன்னும் கூர்மையானது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்படி, ஏழாண்டுகள் எவருக்கும் தகவலில்லாத ஒருவர் உயிரோடிருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேர்ந்தது. அதாவது நடைமுறையில் அவர் இறந்தவர். பிரெஞ்சுத் தொகுதியோ அவரை ஒருபோதும் இறந்தவராகக் கொள்ளாமல், இல்லாதவர் என்றே வைத்துக்கொண்டு, நான்காண்டுக்குப் பின் வழக்குத் தொடுக்கவும், பின்னர் சொத்தைத் தற்காலிகமாக ஒப்படைக்கவும், முப்பதாண்டு கழிந்தோ அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தோ அதை நிலையாக்கவும் வழிசெய்தது. மனைவிக்கு மறுமணம் செய்யும் உரிமையை மட்டும் தரவில்லை. வானூர்ப் பக்கத்தில் கடல்கடந்து போய்த் திரும்பாதவன் ஏழாண்டில் செத்தான். எல்லைக்கு இப்பால் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்ட அவனுடைய அண்டைவீட்டான் சாகாமலே முதுமையடைந்தான். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மடிந்தோருக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. போர்முனையில் உடல் கிடைக்காத, சொல்தாக்கள் எனப்பட்ட பிரெஞ்சுப் படைவீரர்களின் சாவு நீதிமன்றத் தீர்ப்பால் அறிவிக்கப்பட வேண்டிய ஒன்றாகவே இருந்தது. அந்தப் படைவீரர் மரபில் வந்து பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் முதியோர் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று காட்டுவதும், இந்திய அரசின் ஓய்வூதியர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பதும், சாவை அறிவிக்கும் உரிமையை எடுத்துக்கொண்ட அரசு உயிரை அறிவிக்கும் உரிமையையும் விட்டுவைக்கவில்லை என்பதையே காட்டுகின்றன.

பதிவேட்டுக்கு அடங்காத சாவுகளும் இப்பகுதியில் உண்டு. பிரிட்டிஷ் தென்னார்க்காட்டில், வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், 1874 ஜனவரி 30ஆம் நாள் இராமலிங்க வள்ளலார் சித்திவளாக அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார். பின்னர் உடல் காணப்படவில்லை என்பதும், அது ஒளியாயிற்று என்பதும் அவருடைய அன்பர்களின் உறுதிப்பாடு. இறந்தோரை எரிக்கலாகாது, புதைக்கவே வேண்டும், கருமாதி முதலிய சடங்குகள் வேண்டா என்று அவர் வற்புறுத்தியதற்கு, இறந்தோர் மீண்டும் எழுவர் என்ற எதிர்பார்ப்பே காரணம். அவரைப் பொறுத்தவரை சாவு முடிந்த முடிவன்று. பிரெஞ்சுப் புதுச்சேரியிலோ 1950 டிசம்பர் 5 அதிகாலையில் ஸ்ரீ அரவிந்தர் மறைந்தபோது, உடலில் அழுகலின் குறி தோன்றவில்லை என்று கூறி அடக்கம் தள்ளிவைக்கப்பட்டு, டிசம்பர் 9 மாலையில்தான் ஆசிரம முற்றத்தில் நடந்தது. 77ஆம் பிரிவு குறைந்த அளவு காத்திருப்பைத்தான் விதித்ததே தவிர உயர்ந்த அளவை அன்று என்பதால், இந்த நான்கு நாளுக்கும் அதில் தடை இல்லை. 18ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் நம்பிய அழுகல் என்ற அந்த ஒற்றைக் குறியே இங்கும் அளவுகோலாக நின்றது.

1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறிய பின், இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் ஆட்சிக்குள் இப்பகுதி வந்தது. உயிரோடு பிறந்தபின் எந்நேரத்திலும் உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதே சாவு என்று அச்சட்டம் வரையறுக்கிறது. எவை அடையாளங்கள், நிரந்தரம் என்பதை யார் அறிவது என்பதை அது சொல்லவில்லை. வீட்டில் இறந்தவரைப் பற்றிக் குடும்பத் தலைவர் 21 நாளுக்குள் தெரிவித்தால் போதும். மேரியின் அதிகாரி நேரில் பார்க்க வேண்டியிருந்த இடத்தில் மீண்டும் குடும்பத்தின் சொல்லே வந்து அமர்ந்தது. பஞ்சும் சூடும் நாடியும் பார்த்துச் சொல்லும் பெரியவர் தம் பழைய அதிகாரத்தை ஒருவகையில் திரும்பப் பெற்றார்.

மருத்துவமனையிலோ கேள்வி வேறு திசையில் திரும்பியிருந்தது. செயற்கைச் சுவாசக் கருவி, மூச்சையும் மூளையையும் பிரித்துவிட்டது. பாரிஸ் மருத்துவர்கள் மொல்லாரேயும் குலோனும் 1959இல் 23 நோயாளிகளைப் பற்றி எழுதி, மூளை முற்றிலும் அழிந்தும் கருவியால் இதயம் துடிக்கும் ஒரு நிலையை, மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட மயக்கம் என்று பெயரிட்டனர். அதைச் சாவு என்று சொல்ல அவர்கள் துணியவில்லை. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் பர்னார்டு இதயமாற்று அறுவை செய்த பிறகு, 1968இல் ஹார்வர்டு குழு அதைச் சாவு என்றே அறிவித்தது. மூச்சையும் விழிப்பையும் ஆளும் மூளைத்தண்டு செயலிழப்பதே போதுமான அளவுகோல் என்று 1976இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் வகுத்ததை, இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் பின்பற்றியது.

அச்சட்டத்தின்படி நால்வர் கொண்ட மருத்துவக் குழு இரண்டு முறை சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஆறு மணி நேரம் கழிய வேண்டும். கண்மணியில் ஒளி பாய்ச்சுகிறார்கள். கருவிழியைப் பஞ்சு நுனியால் தொடுகிறார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்திக் கண் அசைகிறதா என்று பார்க்கிறார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று கவனிக்கிறார்கள். கடைசியாகச் சுவாசக் கருவியைக் கழற்றி, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறுவதை அளந்தபடி, மார்பு ஒருமுறையேனும் தானாக எழுகிறதா என்று நோக்கி நிற்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே உடல் சூடாக இருக்கும், நாடி துடிக்கும். சிற்றூர்ப் பெரியவர் பார்க்கும் எல்லாக் குறிகளும் உயிர் இருக்கிறது என்றே சொல்லும். பிரிட்டனில் முதற்சோதனை முடிந்த நேரமே இறந்த நேரமாகக் கொள்ளப்படுகிறது. இந்திய நடைமுறையில் இரண்டாம் சோதனைக்குப் பின் குழு சான்றளிக்கும் நேரமே கொள்ளப்படுகிறது. ஒரே நோயாளி இலண்டனில் ஆறு மணி நேரம் முன்னதாகவே இறந்தவராகிறார். 1804இன் 24 மணி நேரமும் 1994இன் ஆறு மணி நேரமும் தவறிப்போய் உயிருள்ளவரைச் செத்தவராக்கிவிடக் கூடாது என்ற ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்த செய்தி, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொதுமக்களுக்கு இந்தப் புதிய சாவை அறிமுகப்படுத்தியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் சாவும் கொடையும் மக்கள் மனத்தில் பிரிக்க முடியாதபடி பிணைந்ததும் அப்போதுதான். சட்டமும் அவ்வாறே பிணைத்து வைத்திருக்கிறது. மூளைத்தண்டுச் சாவு என்ற வரையறை உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் மட்டுமே இருக்கிறது. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் அது இல்லை. மயிலம் சாலையில் விபத்துக்குள்ளாகி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஓர் இளைஞனின் மூளைத்தண்டு அழிந்துவிட்டால், பெற்றோர் கொடைக்கு ஒப்பும்போது அவன் இறந்தவன். ஒப்பாதபோது, அதே சோதனைகள் அதே முடிவைத் தந்தும், அவன் நோயாளியாகவே கருவியில் கிடத்தப்படுகிறான். கருவியை நீக்க மருத்துவர் தயங்குகிறார், குடும்பமோ நாள்வாடகையும் நம்பிக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. கேரள அரசு 2020இல் மூளைச்சாவுச் சான்றளிப்புக்குத் தனி நெறிமுறை வெளியிட்டு இந்த முடிச்சை ஓரளவு தளர்த்தியது. மாநில அளவிலான நெறிமுறை இதற்குப் போதாது. கொடை கொடுப்பவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே சாவு என்பதை நாடாளுமன்றம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலேயே திருத்தி எழுதியாக வேண்டும்.